அண்ணி தனக்கே எழுதிய ஆட்சேபணை

என் அண்ணிக்கு நகராட்சி அலுவலகத்தில் 'ஆட்சேபணை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் நான் வாசலில் நின்று, "எங்க அண்ணி வந்துட்டாங்களா?" என்று கேட்டால் காவலாளி யோசிக்காமல், "ஆட்சேபணை அம்மாவா? மாடியில கடைசி ரூமு" என்று கையைக் காட்டுவார். அண்ணிக்கும் இது தெரியும். "எழுத்துல யாரும் தரலையே, நான் ஏன் கண்டுக்கணும்?" என்பாள்.

அவள் சட்டப் பிரிவின் எழுத்தர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, நான்கு இரும்பு அலமாரி, ஒரு பக்கமாகவே காற்று விடும் மின்விசிறி, அண்ணி. ஆள் குறைப்பு நடந்த பிறகு தபால் வாங்கி முத்திரை குத்தும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. உண்மையான வேலை வேறு. நகராட்சி ஊழியர் ஒருவர் தன் கடமையைச் செய்யப் போய், அதற்காக யாராவது அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தால், வக்கீல் செலவை நகராட்சி ஏற்கும். ஏற்கலாமா கூடாதா என்று கோப்பில் குறிப்பு எழுதுவது அண்ணி. பத்தொன்பது வருடமாக எழுதுகிறாள். அவள் ஆட்சேபணை எழுதிய கோப்பைத் தூக்கி நிறுத்த இதுவரை ஒருத்தராலும் முடிந்ததில்லை.

நான் அவளுடைய நாத்தனார். அவர்கள் வீட்டிலிருந்து நான்கு கட்டடம் தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கடைப் பெயர்ப்பலகை நடைபாதைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அலுவலகத்தில் போய்ச் சொல்லி எனக்கு நோட்டீஸ் அனுப்ப வைத்த புண்ணியவதி இவள்தான். சொந்த நாத்தனாருக்கு! மூன்று வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அசரவில்லை. நோட்டீஸுக்குப் பதில் எழுத்தில்தான் வர வேண்டுமாம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதெல்லாம் பதிலில் சேராதாம். கடைசியில் பலகையை அறுத்து மாட்டினேன். மறுநாளே இரண்டு சட்டைத் துணியோடு வந்து நிற்கிறாள், "சீக்கிரம் தச்சுக் குடு" என்று. என்ன செய்வது, தைத்துக் கொடுத்தேன்.

இப்படிப்பட்டவளைத்தான் போன வருடம் ஒரு கிடங்கு முதலாளி கோர்ட்டுக்கு இழுத்தார். அவர் மழைநீர்க் கால்வாயை மூடி அதன்மேலேயே மதில் எழுப்பியிருந்தார். முதல் மழைக்கே பின்தெரு வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் தயாரித்த கட்டட அதிகாரி, கையெழுத்துப் போட வேண்டிய அன்றைக்கு முதுகுவலி என்று விடுப்பில் போய்விட்டார். முதுகு இவ்வளவு சமயம் பார்த்து வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய பொறுப்பு ஒரு வாரத்துக்கு அண்ணியிடம் வந்தது. அண்ணி இடத்தைப் போய்ப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். மதில் இடிந்தது, தண்ணீர் வடிந்தது. முதலாளி நகராட்சியை விட்டுவிட்டு அண்ணிமேல் மட்டும் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். அதிகாரியிடம் கேட்டால், "நான் கையெழுத்தே போடலையே" என்கிறார். நல்லா இருப்பார்.

முதலாளியின் வக்கீல் கூடவே ஒரு கடிதமும் அடித்து அனுப்பியிருந்தார். 'நோட்டீஸ் தவறுதலாகத் தரப்பட்டது, மன்னிக்கவும்' என்று அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம். கொடுத்தால் மறுவாரமே மதில் திரும்ப எழும்பும், அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

நகராட்சி வக்கீல் செலவை ஏற்றால் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. ஏற்காவிட்டால் அண்ணன் மகளின் கல்லூரிக்கென்று பாங்கில் போட்டு வைத்திருப்பதை உடைக்க வேண்டும், இல்லையென்றால் அண்ணி அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் அண்ணன் எலக்ட்ரிக் கடையில் கவுன்டரில் நிற்பவன். வேறு வழி கிடையாது. பெண்ணுக்கு பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது, பணம் கட்ட இரண்டு மாதம் இருந்தது. ஆனாலும் நாங்கள் தைரியமாகத்தான் இருந்தோம். ஊரில் எல்லாருக்கும் செலவு வாங்கித் தரும் குறிப்பை எழுதுகிறவளே வீட்டில் இருக்கிறாளே!

ஒரு நாள் சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மாதான் கேட்டேன்.

"செலவுக்கு விண்ணப்பம் குடுத்தாச்சா அண்ணி?"

"குடுத்தாச்சு. ஏழு நாள் தாமதம்."

"என்ன தாமதம்?"

"சம்மன் கைக்கு வந்து பதினஞ்சு நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். நான் இருபத்திரெண்டாம் நாள் குடுத்திருக்கேன்."

அந்த விதியை வரைவு எழுதியவளே இவள்தான். அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக் கீழே வைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"ஏன் அண்ணி, கோர்ட் ஆளு உங்ககிட்டதானே குடுத்தாரு?"

"என்கிட்டதான். 'இந்தப் பேர்ல இருக்கறது யாரு'ன்னு கேட்டாரு. நான்தான்னு கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"பிரிச்சுப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"சீல் வச்சு, நம்பர் போட்டு, ஆணையருக்கு அனுப்பினேன்."

"எதுக்கு!"

"அலுவலக முகவரிக்கு வந்தா அலுவலகத் தபால். ஆணையர் பாத்து, மேனேஜர் பாத்து, கட்டடப் பிரிவு பாத்து, அப்புறம் சட்டப் பிரிவுக்கு வரணும். ஆணையர் பயிற்சிக்குப் போயிட்டாரு. இருபத்திரெண்டாம் நாள்தான் 'உரிய நடவடிக்கைக்கு'ன்னு எனக்கு வந்துச்சு. வந்த அன்னைக்கே விண்ணப்பிச்சிட்டேன்."

தனக்கு வந்த சம்மனைத் தானே வாங்கி, தானே படித்து, ஊர் சுற்றி வரட்டும் என்று அனுப்பிவிட்டு, தன்னிடமே திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்திருக்கிறாள்! உலகத்தில் வேறு யாராவது இதைச் செய்வார்களா? அண்ணன் உள்ளேயிருந்து, "நான் கேட்டப்பவும் இதையேதான் சொன்னா. எனக்குத் தலைவலி வந்து படுத்துட்டேன்" என்று குரல் கொடுத்தான்.

கதை இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தன் கோப்பைத் தானே பார்க்கக் கூடாது என்று விதி இருப்பதால் குறிப்பு எழுதும் வேலையை டைப்பிஸ்டிடம் கொடுத்திருந்தார்கள். தங்கமான மனுஷன். தேதியையெல்லாம் நோண்டாமல், 'விதிப்படி உள்ளது, ஏற்கலாம்' என்று அடித்துவிட்டு, வழக்கம்போல எழுத்துப்பிழை பார்க்க அண்ணியிடம் நீட்டியிருக்கிறார். அண்ணி பிழை திருத்தினாள். திருத்திவிட்டு, கீழே தன் கையால் ஒரு பத்தி சேர்த்தாள்: விண்ணப்பம் ஏழு நாள் தாமதம், ஆகவே ஆட்சேபணை.

"உங்க கோப்ப நீங்க பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கே?" என்றேன்.

"ஏத்துக்கலாம்னு எழுதத்தான் கூடாது. ஆட்சேபணை யாரு வேணா எழுதலாம்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நகராட்சித் தலைவர் நல்ல மாதிரி. விஷயம் தெரிந்ததும் அவரே சொல்லி அனுப்பினார். தாமதத்தை மன்னிக்க நகர்மன்றத்துக்கு அதிகாரம் உண்டு, 'வேலைப்பளு' என்று இரண்டு வரி காரணம் எழுதிக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் முடித்துவிடலாம் என்று. இரண்டே வரி. அண்ணி எழுத மாட்டேன் என்றாள்.

அண்ணன் முதல்முறையாகச் சத்தம் போட்டான். "பொண்ணு படிப்புடி! உன் விதிய வச்சு அவளுக்குப் பணம் கட்ட முடியுமா?"

அண்ணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "தண்ணி லாரி டிரைவர் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. நகராட்சித் தண்ணீர் லாரியின் பின்னால் ஒருத்தன் பைக்கில் வந்து மோதிக் காலை உடைத்துக்கொண்டு, டிரைவர்மேல் வழக்குப் போட்டான். டிரைவர் செலவு கேட்டு விண்ணப்பித்தது பதினாறாம் நாள். அண்ணி, 'ஒரு நாள் தாமதம், நிராகரிக்கலாம்' என்று எழுதினாள். வழக்கில் டிரைவர் ஜெயித்துவிட்டார். ஆனால் வக்கீல் செலவில் அவர் கட்டிய ஓட்டு வீடு போய்விட்டது. இப்போது பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு அறையில் குடியிருக்கிறார்.

"தினமும் காலையில வணக்கம் வைக்கிறாரு. ஒரு நாளும் வைக்காம இருந்ததில்ல. அவருக்கு ஒரு நாள் தாமதம்னு எழுதின கையால எனக்கு ஏழு நாளை எப்படி மன்னிச்சுக்கறது?" என்றாள் அண்ணி.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகள் எப்போதும் எப்படி முடியும் என்று தெரிந்தும், கடையை இழுத்து மூடிவிட்டு நேரே பம்ப் ஹவுஸுக்குப் போனேன். டிரைவர் வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தையல் கோணல். அதை வாங்கி நானே தைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே ஒரு வார்த்தைண்ணே. உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்லன்னு அண்ணிகிட்ட சொல்லிடுங்க. அது போதும்."

"வருத்தம் எதுக்கும்மா? அம்மா விதிப்படிதானே செஞ்சாங்க. வந்து சொல்றேன்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அவரே, "ஆனா நான் பதினஞ்சாம் நாளே வந்துட்டேம்மா. கேட்டு பூட்டியிருந்துச்சு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார்.

ஊசி கையில் குத்தியது. கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலைநாள் வரைக்கும் கணக்கு உண்டு. கரண்ட் பில் கட்ட மறந்த ஒவ்வொரு தடவையும் அண்ணி எனக்குச் சொன்ன பாடம் இது. அப்படியானால் இவர் தாமதமே இல்லை.

"இத அப்பவே சொல்லலையாண்ணே?"

"கவுன்டர்ல சொன்னேம்மா. எழுத்துல குடுங்கன்னாங்க. நான் எங்க எழுதுறது?"

கவுன்டரில் யார் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம், சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். ஆனால் எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது. வீட்டுப்படி ஏறும்போதே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அண்ணி பழைய தபால் பதிவேட்டை எடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு வைப்பது அவள் வழக்கம். டிரைவருக்குச் சம்மன் வந்த தேதியிலிருந்து விரலால் ஒவ்வொரு நாளாக எண்ணினாள். பதினைந்தாவதில் விரல் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்க அண்ணி. ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றேன்.

"ஆனை சறுக்கினா ஆனைதான் விழும். இங்க விழுந்தது அவரு" என்றாள்.

அன்றைக்கே புதுக் குறிப்பு எழுதினாள். டிரைவரின் விண்ணப்பம் காலத்துக்குள் வந்தது, நிராகரித்தது தவறு, தவறு இந்த எழுத்தருடையது, செலவைத் திருப்பித் தர வேண்டும். தலைவர் அதைப் படித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்ல விஷயம்மா. ஆனா இந்தக் கூட்டத்துல உங்களோடத முடிச்சுடுவோம், நீங்க காரணம் எழுதலன்னாலும் நானே கொண்டு வர்றேன். அவரோடத அடுத்த மாசம் வைங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சா வம்பு." மனுஷர் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்! நம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "அவரோட கோப்பு நாலு வருஷம் மூத்ததுங்க" என்றாள்.

கூட்டத்துக்கு நானும் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். டிரைவர் சீருடையோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அண்ணி எழுந்து அவருடைய கோப்பை முதலில் படித்தாள். 'தவறு என்னுடையது' என்ற இடத்தில் குரல் இறங்கவில்லை. படித்து முடித்ததும் பெஞ்சு பக்கம் திரும்பி, "உங்க பேச்ச அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எல்லாரும் கை தூக்கினார்கள். அவருக்குச் செலவு கிடைத்துவிட்டது.

அடுத்தது அண்ணியின் கோப்பு. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் உறுப்பினர் எழுந்தார். "நாலு வருஷம் ஒரு ஏழைய அலைய விட்டவங்க இவங்க. இப்பதான் அவங்க வாயாலயே கேட்டோம். இவங்களுக்கு ஏழு நாள் தாமதத்த நாம மன்னிக்கணுமா?"

டிரைவர் பதறிப்போய், "ஐயா, நான் ஒண்ணு சொல்லிக்கறேன்" என்று எழுந்தார்.

"பார்வையாளர் பேசக் கூடாதுங்க. உக்காருங்க."

இதைச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? மெடிக்கல் ஷாப்பா? தலைவரா? அண்ணிதான்! நான் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு கை வித்தியாசத்தில் கோப்பு தள்ளுபடியானது. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதும் அவள்தான், அவளுடைய அழகான கையெழுத்தில்.

மறுநாள் அலுவலகம் போகும் வழியில் பாங்கில் இறங்கி, மகளின் பணத்தை எடுத்துக் கல்லூரியில் கட்டிவிட்டாள். ரசீதை மேசையில் வைத்துவிட்டு, "இனிமே வக்கீல் வைக்கலாமான்னு யாரும் பேச வேணாம்" என்றாள். அண்ணன் அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்து ரசீது பக்கத்தில் வைத்தான், பேனாவோடு. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வழக்கில் தோற்றால் மாதா மாதம் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள். நானும் அவன் பக்கம்தான் பேசினேன். "போட்டுத் தொலைங்க அண்ணி. மதில் கட்டினா கட்டிட்டுப் போறான். ஊர்ல இத்தன பேரு இருக்காங்க, தண்ணி வந்தா நீங்க ஒருத்தர்தான் தடுக்கணுமா?" பேனாவை எடுத்தாள். எடுத்து, மூடி, பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அது அண்ணனுடைய பேனா.

வாய்தா அன்றைக்கு நான் கூடப் போனேன். கோர்ட்டில் விசிறி இருந்தது, ஓடவில்லை. நீதிபதி வயதானவர், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். அண்ணி பெயரைக் கூப்பிட்டதும் அவள் மட்டும் தனியாக எழுந்து நின்றாள். எதிரே முதலாளியும் இரண்டு வக்கீல்களும்.

"உங்க வக்கீல் எங்கம்மா?"

"இல்லைங்க ஐயா. நானே பேசறேன்."

"அலுவலக வேலைக்காகப் போட்ட கையெழுத்துதானே? செலவ நகராட்சி குடுக்கலையா?"

"இல்லைங்க. விண்ணப்பம் ஏழு நாள் தாமதம்னு ஆட்சேபணை வந்துச்சு."

"யாரு அந்த ஆட்சேபணை எழுதினது?"

"நான்தாங்க ஐயா."

பின்வரிசையில் சிரித்தார்கள். வக்கீல்களும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. முதலாளியின் வக்கீல் இதுதான் சமயம் என்று அந்தக் கடிதத்தின் நகலை நீட்டினார். "ஐயா, நாங்க பெருசா எதுவும் கேக்கல. ஒரு மன்னிப்பு. இப்ப கையெழுத்துப் போட்டா இப்பவே வாபஸ்."

நீதிபதி அதைப் படித்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். "ஏம்மா, தனியா வந்து நிக்கிறீங்க. ஒரு மன்னிப்புதானே? கேட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே?"

அண்ணி மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, போன மாசம் நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவர் விஷயத்துல நான் தப்பு பண்ணியிருந்தேன், அவருக்கு வீடே போயிடுச்சு. இந்த மதில்ல நான் ஒரு தப்பும் பண்ணல. பண்ணாததுக்கும் கேட்டுட்டேன்னா, அவர்கிட்ட கேட்டதுக்கு அப்புறம் என்னங்க மரியாதை?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நீதிபதி கடிதத்தை வக்கீலிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இத இனிமே இங்க கொண்டு வராதீங்க. சாட்சி இருந்தா அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான், வேறு பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கு முடியவில்லை, ஜெயிப்பாளா தோற்பாளா என்று யாருக்கும் தெரியாது, எதற்கு அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. இத்தனை வருடத்தில் இவளை நான் திட்டிய திட்டு கொஞ்சமா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சொன்னீங்க அண்ணி" என்றேன்.

"கைய விடு, மணி பன்னெண்டரை ஆச்சு. அரை நாள்தான் லீவு எழுதிக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.